நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு குழாய் வளைவும்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டினால், கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பும் அதற்கப்பால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் ஒரே பார்வையில் விரியும். சென்ற மார்கழியில் நாங்கள் அங்கே நிறுத்தியது காட்சியைப் பார்ப்பதற்காக அல்ல. வண்டிக்குள் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து முதலில் இறங்கிய என் மனைவி, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, "ஏனுங்க, கக்கூஸையே பொடக்காணிக்கு அந்தப் பக்கம் கட்டுன ஊருங்க நம்முளுது. இதென்னுங்க, கட்டிலுக்கு அடியில சாக்கடைய வெச்சு ஓட்டிக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. நூற்பாலையில் 31 ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருவர் படுக்கக் கட்டில், சிறிய சமையல் மேடை, ஆள் நின்று குளிக்கும் அளவுக்கு ஒரு குளியலறை, அதற்குள்ளேயே கழிப்பறை என்று எல்லாம் வைத்துத் தரும்படி ஒரு பாடி கட்டும் பட்டறையில் விட்டேன். பேருந்துக்குக் கரூர், லாரிக்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும் என்று பெயர் பெற்ற பகுதி நம்முடையது. தகர வேலையிலோ பிளைவுட் வேலையிலோ வயரிங்கிலோ நான் இன்றுவரை ஒரு குறை கண்டதில்லை. தண்ணீர்க் குழாய்களை மட்டும் வீட்டுக்குப் போடுவதைப் போலவே போட்டுவிட்டார்கள். வீடு கொண்டை ஊசி வளைவில் திரும்புவதில்லை என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நாற்றம் வந்தவுடன் நான் செய்தவை அனைத்தும் தவறானவை. முதலில் பினாயில் ஊற்றினேன். பிறகு கழிப்பறை மூலையில் அந்துருண்டை கட்டினேன். அடுத்து, காரில் வைக்கும் மல்லிகை வாசனைப் புட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். அதன் பலனாகச் சாக்கடை, மல்லிகைச் சாக்கடை ஆயிற்று. கடைசியாகப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கழிப்பறைத் தொட்டிக்குள் விட்டேன். இதை யாரும் செய்ய வேண்டாம். சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியாவோடு பிளீச்சிங் கலந்தால் குளோரமின் என்னும் ஆவி கிளம்பும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். என் கண்கள் எரிந்து, தொண்டை கமறி, அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கழிப்பறையில் ஜன்னல் இருக்கிறது, இடம் இருக்கிறது. ஒரு வேனுக்குள் அந்த ஆவி போவதற்கு நம் மூச்சுக்குழாயைத் தவிர வேறு வழி கிடையாது.

வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இவ்வகை வண்டிகளில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும். நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேரும் கழுநீர்த் தொட்டி ஒன்று. கழிப்பறைக்கு நேர் கீழே மலத்தொட்டி ஒன்று. பின்னிரண்டிலும் காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் கூமுட்டை நாற்றம் பிடித்த வாயுவை உண்டாக்குகின்றன. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருந்தாலே நம் மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதே வாயு பத்து இலட்சத்துக்கு 100 பங்கு என்னும் அளவை நெருங்கும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகிறது; நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்து இறந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! வேன் தொட்டியின் அளவு சிறியது என்பதால் அந்த நிலை சட்டென்று வந்துவிடாது. ஆனாலும் கதவைத் திறந்து வைக்காமல் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது.

வால்பாறையிலிருந்து திரும்பி வந்து, கொட்டகைக்குள் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. மில்லில் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில், காற்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். தொட்டி நாறத்தான் செய்யும். வீட்டுச் செப்டிக் டேங்க்கூட இருபத்து நான்கு மணி நேரமும் நாறிக்கொண்டுதான் இருக்கிறது. அது நம் படுக்கையறைக்கு வருவதில்லை என்பதுதான் வேறுபாடு. ஆகவே நாற்றத்தை விட்டுவிட்டு, அது உள்ளே வருகிற வழியைத் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்பு, அது சாக்கடை நாற்றம்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. சமையல் எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் மெர்காப்டன் என்னும் பொருளின் நாற்றமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எனவே சிலிண்டர் வால்வை மூடி, ரப்பர் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. இருக்கைக்கு அடியில் இன்வெர்ட்டருக்காக வைத்திருக்கும் ஈய அமில பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிச் சூடானாலும் கூமுட்டை வாடை அடிக்கும். அதையும் தொட்டுப் பார்த்தேன்; சூடு இல்லை. இவ்விரண்டும் நெருப்போடு தொடர்புடையவை என்பதால், யார் கேட்டாலும் முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்கிறேன்.

இனிக் குழாய் வளைவுக்கு வருவோம். கை கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் ஏன் நேராகப் போகாமல் வளைந்து ஏறி இறங்குகிறது என்று நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். தண்ணீர் கீழே போகலாம், கீழிருந்து வாயு மேலே வர முடியாது. 1775-ஆம் ஆண்டில் இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு கடிகாரக்காரர் என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பராமரிப்புப் பிரிவு ஆட்களுக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும்.

வீட்டில் அந்தத் தண்ணீர் அடைப்பு சுமார் 50 மில்லிமீட்டர் ஆழம் நிற்கும். எங்கள் வண்டியின் குளியலறைத் தரைக்கும் சேஸிஸுக்கும் இடையே உயரம் போதாததால், அங்கே பட்டறைக்காரர்கள் வைத்திருந்த வளைவு அதில் பாதி ஆழம்கூட இல்லை. சலதாரைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த சோப்புப் படலமும் இரண்டு தலைமுடியும்தான் இருந்தன. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, வண்டியை எங்கள் தோட்டத்து மண் தடத்தில் வேகமாக இரண்டு முறை வளைத்து ஓட்டிவிட்டு மீண்டும் பார்த்தேன். பாதித் தண்ணீர் அலம்பிப் போயிருந்தது. இரண்டு திருப்பத்துக்கே இப்படியென்றால், ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கு என்ன மிஞ்சும்? மலைக்கே போகாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் இதே கதைதான். கரூர் பரமத்தியில் 40 டிகிரி தாண்டுகிற சித்திரை மாதத்தில், பூட்டிய வண்டிக்குள் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போவதற்குச் சில வாரங்களே போதும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று காசில்லாத தீர்வு: வண்டி எங்கே நின்றாலும், கதவைத் திறந்தவுடன் ஒவ்வொரு சலதாரையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிடுவது. நீண்ட நாள் நிறுத்தி வைப்பதானால், அந்தத் தண்ணீரின் மேல் இரண்டு கரண்டி மினரல் ஆயில் விட்டால் அது மிதந்து நின்று ஆவியாவதைத் தாமதப்படுத்தும். மற்றொன்று, தண்ணீரே தேவைப்படாத அடைப்பு. ஒரு குழாய்த் துண்டுக்குள் சிலிக்கான் சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து தண்ணீர் வந்தால் திறந்து வழிவிட்டு, நின்றவுடன் மூடிக்கொள்ளும். படுக்கைவசத்திலும் பொருத்தலாம் என்பதால் உயரப் பிரச்சினை இல்லை. குளியலறைக்கு மட்டும் அதை வாங்கிப் பொருத்தினேன்.

நாற்றம் பாதி குறைந்தது. பாதி குறைந்த நாற்றம் முழு நாற்றத்தைவிட எரிச்சலூட்டுவது. இருக்கிறதா இல்லையா என்று வீட்டில் சண்டை வரும். எனக்கு இல்லை, மனைவிக்கு இருந்தது. (என் மூக்கு பஞ்சுத் தூசியில் முப்பது ஆண்டுகள் தேய்ந்த மூக்கு.)

அப்போதுதான் பழைய பிளம்பர்களின் சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. மேல்நாடுகளில் புதினா எண்ணெயை வைத்துச் செய்வார்கள். நமக்கு ஊட்டியிலிருந்து வரும் நீலகிரித் தைலம் இருக்கவே இருக்கிறது. இரண்டு தொட்டிகளையும் காலி செய்து அலசி, எல்லாச் சலதாரைகளிலும் தண்ணீர் ஊற்றி அடைத்து, கதவு ஜன்னல்களை மூடினோம். என் அக்காள் மகன் கூரைமேல் ஏறி, தொட்டி வாயு வெளியேறுவதற்காகக் கூரைவரை போட்டிருக்கும் வெளிக்காற்றுக் குழாயின் மூடியைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தைலத்தையும் ஒரு கேத்தல் வெந்நீரையும் உள்ளே ஊற்ற வேண்டும். வண்டிக்குள் இருப்பவர் எங்கே தைல வாசம் வருகிறது என்று மோந்து பார்க்க வேண்டும். ஊற்றியவர் உள்ளே வரவே கூடாது. அவர் கையிலும் சட்டையிலும் ஒட்டிய வாசமே சோதனையைக் கெடுத்துவிடும். மோந்து பார்க்கும் வேலை மனைவிக்கு.

மூடியைக் கழற்றிய மாப்பிள்ளை மேலிருந்தே கத்தினான்: "மாமா, இதுக்குள்ள குளவி கூடு கட்டி வெச்சிருக்குதுங்க! காத்துப் போறதுக்கே வழி இல்லீங்களே!" பாதிக்கு மேல் மண்ணால் அடைத்திருந்தது. அதை நோண்டி எடுத்துவிட்டுத் தைலத்தை ஊற்றச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் மனைவி சமையல் மேடைக்கு மேலே இருக்கும் அலமாரியைக் காட்டி, "இங்கீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலும் வருகிறது என்றாள்.

அலமாரியின் மேல் பலகையைக் கழற்றியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. தொட்டியிலிருந்து சுவருக்குள்ளாக ஏறி வரும் பிவிசி குழாய் கூரைத் தகரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வண்டியின் அதிர்வில் அது நான்கு விரற்கடை கீழே இறங்கி, உட்கூரைப் பலகைக்கும் மேல் தகரத்துக்கும் இடையிலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றது. குழாயின் வாயைச் சுற்றிப் பலகையில் எண்ணெய்ப் பசை போல ஒரு கருப்பு வளையம் படிந்திருந்தது. விரலால் தொட்டு மோந்தேன், அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. மேலே குளவி அடைத்த மூடி, கீழே இறங்கிப்போன குழாய். வாயு எங்களிடம் வராமல் வேறெங்கே போகும்? குழாயை மேலே தூக்கி, ஒரு காலர் போட்டு நீட்டி, இரண்டு இடத்தில் கிளாம்ப் அடித்து, கூரையோடு சேரும் இடத்தில் சிலிக்கான் பசை வைத்து மூடினேன். புதிய மூடிக்குள் குளவி நுழையாதபடி கம்பிவலையும் வைத்தேன்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வந்த வாசத்துக்குக் காரணம் ஒரு சிறிய பிளாஸ்டிக் வால்வு. தண்ணீர் வேகமாக இறங்கும்போது குழாய்க்குள் காற்றை விட்டு, வளைவில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்படாமல் காப்பது அதன் வேலை. காற்றை உள்ளே விடும், வாயுவை வெளியே விடாது. அதன் ரப்பர் சவ்வில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து திறந்தபடியே நின்றுவிட்டது. மரையைத் திருகிக் கழற்றி வேறொன்று மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கழிப்பறையில் இன்னொரு கோளாறு இருந்தது. இந்த வண்டிக் கழிப்பறைகளில் பீங்கானுக்கு அடியில் ஒரு தட்டு வால்வும் அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். அதன்மேல் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் மலத்தொட்டிக்கும் நமக்கும் இடையிலான திரை. இரவில் தண்ணீர் விட்டு வைத்துக் காலையில் பார்த்தால் வற்றியிருந்தது. வளையத்தைத் துடைத்துப் பார்த்தேன், ஓரம் வெடித்திருந்தது. நான் ஊற்றிய பிளீச்சிங்கின் கைங்கரியம் அதில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். புதிய வளையம் போட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாகத் தடவினேன். வாசலைனோ மோட்டார் கிரீஸோ தடவினால் பெட்ரோலியம் பட்டு ரப்பர் ஊதிப்போகும்.

இவற்றோடு, நான் வெட்கப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. குளியலறைக் கூரையில் ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறி இருக்கிறது. நாற்றம் வருகிறதே என்று நாங்கள் அதை எப்போதும் ஓட விட்டிருந்தோம். விசிறி வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். ஜன்னல்களை மூடி வைத்துவிட்டு, கழிப்பறைத் தட்டைத் திறந்தால், வருவதற்கு இருக்கும் ஒரே வழி மலத்தொட்டி. ஓடுகிற வண்டியில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தாலும் உள்ளே அழுத்தம் குறைந்து இதே விளைவு உண்டாகும். மில்லில் இதை ஒரு பயிற்சிப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தவன், தன் வண்டியில் கோட்டைவிட்டேன். இப்போது விசிறியை நிறுத்திய பிறகே தண்ணீர் திறந்துவிடுகிறோம். தட்டு மூடியபின் ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுகிறோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது, தை மாதக் குளிரில் ஒரு நாள் காலை வெந்நீரைத் திறந்தவுடன் மறுபடியும் கூமுட்டை நாற்றம். நான் ஆடிப்போனேன். மனைவிதான் ஒரு டம்ளரில் வெந்நீரையும் இன்னொன்றில் பச்சைத் தண்ணீரையும் பிடித்து, இரண்டையும் வண்டிக்கு வெளியே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பச்சைத் தண்ணீரில் ஒன்றுமில்லை. வெந்நீர் நாறியது. சாக்கடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கீசருக்குள் துரு பிடிக்காமல் இருக்க மெக்னீசியக் கோல் ஒன்று வைத்திருப்பார்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டை, வாரக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள் அந்தக் கோலின் துணையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றிவிடுகின்றன. கோலைக் கழற்றி எறிந்தால் நாற்றம் போகும், கீசர் தொட்டியும் துருப்பிடித்துப் போகும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கோலாக மாற்றி, குளோரின் கலந்த தண்ணீரை நிறுத்தி அலசி வெளியேற்றியதில் சரியாயிற்று. நிறுத்தி வைக்கும்போது கீசரை வடித்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

தொட்டிகளைப் பழக்கும் விதத்தையும் கற்றுக்கொண்டோம். தோட்டத்தில் நிற்கும்போது மலத்தொட்டியின் வெளியேற்று வால்வை நான் திறந்தே விட்டு, குழாயைச் செப்டிக் டேங்க்கில் சொருகி வைத்திருந்தேன். தண்ணீரெல்லாம் உடனே ஓடிவிட, கெட்டியானது மட்டும் அடியில் குவிந்து காய்ந்துவிட்டது. வால்வு மூடியே இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியபின் ஒரே மூச்சில் திறந்தால், தண்ணீரின் வேகம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். முதலில் மலத்தொட்டி, அடுத்துக் கழுநீர்த் தொட்டி. பின்னது முன்னதன் குழாயை அலசிவிடும். காலி செய்தபின் சில லிட்டர் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். தண்ணீரைத் தாராளமாக விடுங்கள் என்று அமெரிக்கர்கள் தங்களுக்குள் ஓயாமல் சொல்லிக்கொள்கிறார்கள். தண்ணீரில் கழுவும் நமக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. நம் சிக்கல், தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடுவது.

எதிர்பாராத உண்மை ஒன்று: மலத்தொட்டியைவிடக் கழுநீர்த் தொட்டிதான் அதிகம் நாறியது. வீட்டில் சோறு வடித்த கஞ்சியும் அரிசி களைந்த தண்ணீரும் மாட்டுக்குப் போய்விடும். வண்டியில் மாடு இல்லை. கஞ்சியும் கொள்ளுப் பருப்புக் கழுவலும் எண்ணெயும் இரண்டு நாள் வெயிலில் அந்தத் தொட்டிக்குள் புளித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இப்போது வண்டியில் சோறு வடிப்பதில்லை. குக்கரில் அரிசியும் பருப்புஞ் சோறு மட்டும்தான். தட்டுகளைக் காகிதத்தால் துடைத்தபிறகே கழுவுகிறோம்.

அமெரிக்காவில் காசு கொடுத்துத் தொட்டியைக் காலி செய்ய இடங்கள் உண்டு. நமக்கு வீட்டுச் செப்டிக் டேங்க், அல்லது தங்கும் தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அவருடைய டேங்க், அதுவும் இல்லையென்றால் செப்டிக் டேங்க் லாரிக்காரர். இருட்டியபின் வாய்க்கால் ஓரமாகத் திறந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு கீழ்பவானி வாய்க்காலில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது என்று சொல்லிவிட்டேன். செப்டிக் டேங்க்கில் விடுவதால் தொட்டிக்குள் பினாயிலும் ஃபார்மால்டிஹைடு மருந்துகளும் கூடாது. டேங்க்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அவை கொன்றுவிடும். நுண்ணுயிர்ப் பொடிகள் கிடைக்கின்றன, அவையே போதும்.

இந்த ஆண்டு ஆடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைகளை விடாமல் சுழற்றிக்கொண்டிருந்த நாட்களில், உடுமலைப் பக்கம் ஒரு தோப்பில் இரண்டு இரவுகள் தங்கினோம். அந்தக் காற்று கூரைக் குழாயின் வாய்க்குள் நேராக அடித்து வாயுவைத் திருப்பித் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, காற்றின் திசைக்கேற்பத் தானே திரும்பி, குழாயிலிருந்து வாயுவை இழுத்துவிடும் மூடி ஒன்றைப் போட்டிருந்தேன். இரவு முழுவதும் துளி நாற்றம் இல்லை. ஆனால் அந்த மூடி விடிய விடியக் கிரீச் கிரீச்சென்று தலைக்கு மேல் சுற்றியது. "நாத்தம் போயி சத்தம் வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தாள். அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. நைலானில் ஒன்று கடைந்து தரச் சொல்லி, லேத்துப் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறேன்.